அமினோ அமிலப் பொடியும் நம் அன்றாட உணவும்

ஜார்ஜ் டவுன் நகரத்து மருந்துக்கடைகளில் சத்துப் பொருள்களுக்கென்று தனி அலமாரிகள் உண்டு. அவற்றில் வைட்டமின் புட்டிகளுக்குப் பக்கத்தில், 'அமினோ அமிலம்' என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட டப்பாக்களை நாம் பார்க்கிறோம். சில மாத்திரைகளாக இருக்கின்றன. சில தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் பொடிகள். கடைக்கு வராமல் வீடு தேடி வருபவையும் உண்டு. நேரடி விற்பனையில் ஈடுபட்டுள்ள உறவினர் ஒருவர், "அண்ணே, இதை மூன்று மாதம் குடித்துப் பாருங்கள், இரத்தக் குழாய் அடைப்பெல்லாம் தானே விலகிவிடும்" என்று சொல்லி ஒரு டப்பாவை மேசைமேல் வைத்துவிட்டுப் போகிறார். விலை நூறு ரிங்கிட்டைத் தாண்டுவதும் உண்டு.

இந்த அமினோ அமிலம் உடம்புக்கு நல்லதுதானா என்று கேட்டால், நல்லது என்பது மட்டுமல்ல, அது இல்லாமல் உயிர் வாழவே முடியாது என்றுதான் விடை கூற வேண்டும். ஆனால் அதை டப்பாவில் வாங்கி உண்ண வேண்டுமா என்பது வேறு கேள்வி. இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாகக் குழப்பிவிடுவதில்தான் விற்பனையின் சாமர்த்தியம் இருக்கிறது. ஆகவே இவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்போம்.

நம் உடலின் தசை, தோல், முடி, இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், சோற்றைச் செரிக்க வைக்கும் நொதிகள், நோயை எதிர்க்கும் பொருள்கள் ஆகிய எல்லாமே புரதங்கள். புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த ஒரு நீண்ட சங்கிலி. லிட்டில் இந்தியா பகுதியில், பாசார் தெருவை ஒட்டிய கடைகளில் மாலை கட்டுகிறார்கள் அல்லவா? மல்லிகை இத்தனை, செவ்வந்தி இத்தனை, இடையில் ஒரு ரோஜா என்று வரிசை தவறாமல் தொடுத்துக் கொண்டே போவார்கள். உடலும் அப்படியே செய்கிறது. அதனிடம் உள்ள பூக்கள் இருபது வகை. எந்தப் பூவுக்குப் பின் எந்தப் பூ என்ற வரிசை நம் மரபணுக்களிலே எழுதப்பட்டிருக்கிறது. ரோஜா தீர்ந்துபோனால், மல்லிகை கூடை நிறையக் கிடந்தாலும் அந்த மாலை அத்தோடு நின்றுவிடும். இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக் கொண்டால் பிறகு வருவதெல்லாம் எளிதாக விளங்கும்.

இருபது வகைகளில் பதினொன்றை உடலே தேவைக்கேற்பச் செய்து கொள்கிறது. மற்ற ஒன்பதையும் உணவிலிருந்துதான் பெற்றாக வேண்டும். ஹிஸ்டிடின், ஐசோலூசின், லூசின், லைசின், மெத்தியோனின், பினைல்அலனின், திரியோனின், டிரிப்டோபேன், வாலின் என்பவை அவை. இவற்றை இன்றியமையாத அமினோ அமிலங்கள் என்பர். இந்த வரிசையில் கடைசியாகக் கண்டுபிடிக்கப்பட்டது திரியோனின். அமெரிக்காவில் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ரோஸ் என்னும் அறிஞர் 1935-ஆம் ஆண்டில் அதைப் பிரித்தெடுத்தார்.

எவ்வளவு தேவை? உலகச் சுகாதார நிறுவனமும் அதனோடு சேர்ந்த அமைப்புகளும் 2007-ல் வெளியிட்ட கணக்கின்படி, வளர்ந்த ஒருவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் போதும். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு ஐம்பது கிராம் ஆகிறது. அதில் லைசின் 1.8 கிராம் இருக்க வேண்டும். டிரிப்டோபேன் கால் கிராம் இருந்தாலே போதும்.

இனி நம் அடுப்பங்கரைக்கு வருவோம். அரிசியில் நூறு கிராமுக்கு ஏறத்தாழ ஏழு கிராம் புரதம் உண்டு. ஆனால் அதில் லைசின் குறைவு. ஒருவர் நாள் முழுதும் நானூறு கிராம் அரிசியைச் சோறாக்கி, வேறெதுவும் இல்லாமல் உண்டால் அவருக்கு ஒரு கிராம் லைசின்தான் கிடைக்கும். மாலை பாதியில் நின்றுவிடும். அதே ஆள் ஒரு கிண்ணம் வேகவைத்த கொண்டைக் கடலையைச் சேர்த்துக் கொண்டால் பதினான்கு கிராம் புரதமும் இன்னொரு கிராம் லைசினும் வந்து சேருகின்றன. தேவை நிறைந்துவிடுகிறது. பருப்பு வகைகளில் லைசின் நிறைய, மெத்தியோனின் குறைவு. அரிசியிலோ மெத்தியோனின் போதிய அளவு உண்டு. ஒன்றில் இல்லாததை மற்றொன்று கொடுக்கிறது. அரிசியும் உளுந்தும் சேர்ந்த தோசை, சோறும் பருப்பும், வெண்பொங்கல் எல்லாம் இந்தக் கூட்டணிதான். அமினோ அமிலம் என்ற பெயரே தெரியாத காலத்தில் நம் பாட்டிமார் இதைக் கண்டுகொண்டார்கள். எப்படிக் கண்டார்கள் என்பது ஒரு வியப்புதான். நாவின் ருசியும் பிள்ளைகளின் வளர்ச்சியுமே அவர்களுக்கு வழிகாட்டியிருக்க வேண்டும்.

பினாங்கில் வாழும் நமக்கு இந்த வசதி இன்னும் அதிகம். சௌராஸ்தா சந்தைக்குப் போனால் மீன், நெத்திலிக் கருவாடு, முட்டை, தவ்பூ, தவ்கே, தெம்பே எல்லாம் அருகருகே கிடைக்கின்றன. ஜாவானியர் கொடுத்த தெம்பே நம்மவர் பலர் இன்னும் கை வைக்காத அரிய பண்டம். சோயா மொச்சையைப் பூஞ்சை கொண்டு புளிக்க வைத்துச் செய்யும் அதில் நூறு கிராமுக்குப் பத்தொன்பது இருபது கிராம் புரதம் இருக்கிறது. மரக்கறி உணவுக்காரர்கள் சாம்பாரிலோ பிரட்டலிலோ போட்டுப் பார்க்கலாம். மீன் உண்பவர்களுக்கோ, சமைத்த மீன் நூறு கிராம் ஒன்றே அன்றைய லைசின் தேவை முழுவதையும் தந்துவிடும்.

இப்போது டப்பாவைத் திறப்போம். 'அமினோ அமிலம் 1000 மில்லிகிராம்' என்று எழுதியிருக்கும் ஒரு மாத்திரையில் உள்ளது எவ்வளவு? ஆயிரம் மில்லிகிராம் என்றால் ஒரு கிராம். ஒரு கோழி முட்டையில் ஆறு கிராம் புரதம் இருக்கிறது. ஆக, ஆறு மாத்திரைகளை விழுங்கினால் ஒரு முட்டைக்குச் சமம். ஆயிரம் என்ற எண் பெரிதாகத் தோன்றுவது மில்லிகிராமில் எழுதியதனால்தான். மில்லிகிராமில் எழுதினால் முட்டையின் ஓட்டிலும் 'புரதம் 6000' என்று அச்சிடலாம்!

உடற்பயிற்சிக் கூடங்களுக்குப் போகும் நம் இளைஞர்கள் வாங்கும் பொடி வேறு வகை. அதில் லூசின், ஐசோலூசின், வாலின் என்ற மூன்று மட்டும் இருக்கும். கிளைச் சங்கிலி அமினோ அமிலங்கள் என்று இவற்றுக்குப் பெயர். தசை வளர்ச்சியைத் தூண்டிவிடும் ஆற்றல் லூசினுக்கு இருப்பது உண்மைதான். ஆனால் தூண்டியபின் தசையைக் கட்டுவதற்கு மற்ற ஆறும் வேண்டுமே! மூன்று பூக்களை மட்டும் கூடை கூடையாகக் கொட்டினால் மாலை நீளாது. மிஞ்சிய அமினோ அமிலத்தை உடல் சேமித்து வைப்பதும் இல்லை. அதை உடைத்து எரிபொருளாக்கிவிட்டு, அதிலுள்ள நைட்ரஜனை யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. பால், முட்டை, பருப்பு உண்கிற இளைஞருக்கு அந்தப் பொடி தேவையில்லை என்பதே நம் கருத்து.

அப்படியானால் குறைபாடு என்பதே யாருக்கும் இல்லையா? உண்டு. அடுக்குமாடி வீட்டில் தனியே வாழும் முதியவர்களை எண்ணிப் பாருங்கள். பல் போய்விட்டது, சமைக்க அலுப்பு, காலையில் ரொட்டியும் காப்பியும், இரவிலும் அதே. அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு இளைஞரைவிடச் சற்றுக் கூடுதலாக, கிலோவுக்கு ஒன்று முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும் என்று 2013-ல் ஒரு வல்லுநர் குழு பரிந்துரைத்தது. முதுமையில் தசை கரைவதால்தான் குளியலறையில் விழுவதும் இடுப்பெலும்பு முறிவதும் நேர்கின்றன. இவர்களுக்குப் புரதம் சேர்ப்பதால் நன்மை உண்டு. முட்டையோ, குழைய வேகவைத்த பருப்போ, பாலோ, தவ்பூவோ எளிதில் மெல்ல வரும். அதுவும் முடியாதபோது மருத்துவர் சொல்லும் சத்துப் பொடி உதவும். பெரிய அறுவைச் சிகிச்சை ஆனவர்கள், நாள்பட்ட நோயால் மெலிந்தவர்கள் ஆகியோருக்கும் இது பொருந்தும்.

குறை இருக்கும் இடத்தில் சேர்த்தால் பலன் கிடைக்கும், குறையில்லாத இடத்தில் சேர்த்தால் கிடைக்காது என்பதற்கு இந்த மலாயா மண்ணிலேயே ஒரு சான்று உண்டு. அது அமினோ அமிலம் பற்றியதன்று, வைட்டமின் பற்றியது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்குச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்களை பெரிபெரி நோய் கூட்டங் கூட்டமாகக் கொன்றது. அதே நாட்டில், அதே வெயிலில் உழைத்த தமிழர்களிடம் அந்த நோய் மிக அரிது. காரணம், தமிழர் உண்டது புழுங்கல் அரிசி. நெல்லை அவித்துக் குத்தும்போது தவிட்டிலுள்ள தயமின் என்னும் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர் 1905-ஐ ஒட்டி நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தீட்டிய வெள்ளை அரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளை அரிசி உண்டவர்களிடையே நோய் பரவியது. புழுங்கல் அரிசிப் பிரிவில் பரவவில்லை. பெரிபெரி கண்டவருக்குத் தயமின் கொடுத்தால் அற்புதம் போல் எழுந்து உட்காருவார். நன்றாக இருப்பவருக்கு அதையே பத்து மடங்கு கொடுத்தாலும் கூடுதல் பலம் வராது.

அமினோ அமிலம் உண்மையாகவே உயிர்காக்கும் மருந்தாகும் இடங்களும் இருக்கின்றன. பினைல்கீட்டோனூரியா என்றொரு பிறவிக் குறை உண்டு. அக்குறையுள்ள குழந்தைக்குப் பினைல்அலனின் நஞ்சாகிவிடும்; மூளை வளர்ச்சி பாழாகும். அந்த ஓர் அமிலத்தை மிகவும் குறைத்த உணவைக் கொடுத்தால் குழந்தை தேறும் என்று இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகர மருத்துவர்கள் 1953-ல் காட்டினார்கள். இன்று அக்குழந்தைகள், பினைல்அலனின் நீக்கிய அமினோ அமிலக் கலவையைக் குடித்தே வளர்கிறார்கள். குடல் வேலை செய்யாத நோயாளிக்கு இரத்த நாளம் வழியே அமினோ அமிலக் கரைசல் ஏற்றுகிறார்கள். அரிவாள் வடிவ அணுச் சோகை என்ற இரத்த நோய் நீலகிரி மலைவாழ் மக்களிடையே இருப்பது 1952-ல் தெரிய வந்தது. அந்நோய்க்குக் குளுட்டமின் என்ற அமினோ அமிலத்தை மருந்தாக அமெரிக்க அரசு 2017-ல் ஏற்றுக் கொண்டது. இவை எல்லாம் மருத்துவர் அளந்து கொடுக்கும் மருந்துகள். யார் வேண்டுமானாலும் குடிக்கும் பானங்கள் அல்ல.

இனி, வீடு தேடி வரும் டப்பாவைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. இதய நோய்க்கென்று சொல்லி விற்கப்படும் பொடிகளில் பெரும்பாலும் இருப்பது ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம். இதைப் பற்றி விற்பவர் சொல்லும் கதையில் பாதி உண்மை. இரத்தக் குழாயின் உட்சுவரில் ஆர்ஜினினிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு உண்டாகிறது. அது குழாயின் தசையைத் தளர்த்தி, இரத்தம் தாராளமாக ஓட வழி செய்கிறது. இந்த வாயு உடலில் ஒரு தூதுவனைப் போல் பணி செய்வதைக் கண்டதற்காக ராபர்ட் பர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, பெரிட் முராட் ஆகிய மூவருக்கு 1998-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. உடனே 'நோபல் பரிசு பெற்ற பொடி' என்று பேச்சுப் புறப்பட்டுவிட்டது. பரிசு கிடைத்தது உடலின் ஓர் இயக்கத்தைக் கண்டறிந்ததற்கு. பொடியைக் குடித்தால் மாரடைப்பு வராது என்று நோபல் குழு எங்கும் சொல்லவில்லை.

நாம் விழுங்கும் ஆர்ஜினினில் பெரும் பகுதியைக் குடலும் கல்லீரலும் வழியிலேயே உடைத்துவிடுகின்றன. உடலே ஆர்ஜினினைச் செய்தும் கொள்கிறது. நிலக்கடலையில் நூறு கிராமுக்கு மூன்று கிராம் ஆர்ஜினின் உண்டு. கச்சாங் பூத்தே விற்பவர் மடித்துத் தரும் காகிதச் சுருளில் நோபல் பரிசு விளம்பரம் இல்லாமலே அது கிடைக்கிறது. இருந்தாலும் நேர்மையாகப் பேசினால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பதினொரு சிறு ஆய்வுகளைச் சேர்த்து 2011-ல் பார்த்தபோது, நிறைய ஆர்ஜினின் உண்டவர்களின் மேல் இரத்த அழுத்தம் சராசரியாக ஐந்து புள்ளி அளவு குறைந்திருந்தது. உப்பைக் குறைத்து, தினமும் எஸ்பிளனேடு கடற்கரையில் அரைமணி நேரம் நடப்பவரும் அந்த அளவு குறைவை எதிர்பார்க்கலாம். பொடி குடித்ததனால் இத்தனை பேருக்கு மாரடைப்பு குறைந்தது என்று அந்த ஆய்வுகள் காட்டவில்லை.

மாரடைப்பு வந்தவர்களிடமே இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பல்கலைக்கழக அறிஞர்கள் நடத்தி, அதன் முடிவை 2006-ல் வெளியிட்டார்கள். முதன்முறை மாரடைப்பு வந்து தேறிய 153 பேரை எடுத்துக் கொண்டார்கள். ஒரு பாதிக்கு மூன்று கிராம் வீதம் நாளைக்கு மூன்று வேளை ஆர்ஜினின். மறு பாதிக்கு அதே தோற்றமுடைய வெற்று மருந்து. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, பார்க்கும் மருத்துவருக்கும் தெரியாது. ஆறு மாதம் என்று திட்டம். இரத்தக் குழாயின் விறைப்பும் குறையவில்லை, இதயம் இரத்தத்தை வெளியேற்றும் ஆற்றலும் கூடவில்லை. அது மட்டுமன்று. ஆர்ஜினின் உண்டவர்களில் ஆறு பேர் இறந்தார்கள். வெற்று மருந்துப் பிரிவில் ஒருவரும் இறக்கவில்லை. ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். ஆறு என்பது சிறிய எண். தற்செயலும் அதில் கலந்திருக்கலாம். எனினும் மாரடைப்புக்குப் பின் ஆர்ஜினின் கொடுக்க வேண்டாம் என்று அந்த அறிஞர்களே எழுதினார்கள். பினாங்கில் இந்தப் பொடியை யாரிடம் முதலில் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள்? மாரடைப்பு வந்து பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வீடு திரும்பியவரிடம்.

நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை வைத்திருப்பவரும், இரத்த அழுத்த மாத்திரை உண்பவரும் ஆர்ஜினினையும் சேர்த்தால் அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கித் தலைசுற்றி விழக்கூடும். மனச்சோர்வுக்கு மருந்து உண்பவர்கள் டிரிப்டோபேன் பக்கமே போகலாகாது. நடுக்கு வாத நோய்க்கு லெவோடோபா உண்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். அந்த மருந்தும் சில அமினோ அமிலங்களும் குடலில் ஒரே வாசல் வழியே உள்ளே நுழைகின்றன. பொடியை மருந்தோடு சேர்த்து உண்டால், வாசலில் நெரிசல் ஏற்பட்டு மருந்து பின்தங்கிவிடும்.

சிறுநீரகம் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இது நம் சமூகத்தைச் சுடும் செய்தி. மலேசிய சுகாதார அமைச்சு 2019-ல் நடத்திய நாடு தழுவிய ஆய்வில், வளர்ந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. பத்தில் மூன்று பேர்! இனிப்பு நீர் பல ஆண்டுகள் நீடித்தால் சிறுநீரகம் மெல்லப் பழுதாகும். தொடக்கத்தில் வலி எதுவும் இராது. அந்த நிலையில் புரதத்தைக் கிலோவுக்கு 0.6 முதல் 0.8 கிராம் வரை என்று அடக்கி உண்ணும்படி மருத்துவர்கள் சொல்வார்கள். அவரே பின்னால் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகும்போது விதி தலைகீழாகிவிடும். ஒவ்வொரு சுத்திகரிப்பிலும் சில கிராம் அமினோ அமிலம் கழிந்து போவதால், கிலோவுக்கு ஒன்று முதல் 1.2 கிராம் வரை உண்ண வேண்டும். ஒரே நோயாளிக்கு ஓராண்டு 'குறை' என்றும் மறு ஆண்டு 'கூட்டு' என்றும் சொல்ல வேண்டியிருக்கிற இடத்தில், இரத்தச் சோதனையைப் பார்க்காத விற்பனையாளர் எப்படி அளவு சொல்ல முடியும்?

இந்தப் பொடிகள் எப்படிச் செய்யப்படுகின்றன என்பதையும் அறிந்து கொள்வது நல்லது. 1908-ல் தோக்கியோவில் இக்கேதா என்ற பேராசிரியர் கொம்பு என்னும் கடற்பாசியின் சுவைக்குக் காரணம் குளூட்டமிக் அமிலம் என்று கண்டார். மறு ஆண்டே அதன் உப்பு அஜினோமோட்டோ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. நம் ஊர் மீ கோரேங்கிலும் சூப்பிலும் இன்று விழுவது அதுவே. ஆக அமினோ அமிலத்தைத் தூளாக வாங்கும் பழக்கம் நூறாண்டுக்கு மேற்பட்டது. 1950-களில் ஜப்பானியர், சர்க்கரையைத் தின்று அமினோ அமிலத்தை வெளியிடும் ஒரு பாக்டீரியாவைக் கண்டுபிடித்தனர். அதன் பின், பீர் காய்ச்சுவதைப் போலப் பெரிய தொட்டிகளில் நொதிக்க வைத்து, வடித்து, சுத்தப்படுத்தி எடுக்கும் தொழில் பெருகியது. லைசினும் டிரிப்டோபேனும் இப்படியே கிடைக்கின்றன.

சுத்தப்படுத்துவதில் என்ன நேரக்கூடும் என்பதை 1989-ல் உலகம் கண்டது. அப்போது அமெரிக்காவில் பலர் தூக்கம் வருவதற்காக டிரிப்டோபேன் மாத்திரைகளைத் தாமாகவே வாங்கி உண்டு வந்தனர். இயற்கையான பொருள், உணவில் இருப்பதுதானே என்ற நம்பிக்கை. நியூ மெக்சிகோ மாநிலத்தில் மூன்று பெண்கள் தாங்க முடியாத தசை வலியோடு மருத்துவரிடம் வந்தார்கள். மூவர் இரத்தத்திலும் இயோசினோபில் என்ற வெள்ளணு மிதமிஞ்சி இருந்தது. மூவரும் டிரிப்டோபேன் உண்டவர்கள். விசாரிக்க விசாரிக்க நோயாளிகள் பெருகினர். மொத்தத்தில் 1,500 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டு, முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். தப்பியவர்களிலும் பலருக்கு வலியும் நரம்புத் தளர்ச்சியும் ஆண்டுக் கணக்கில் நீடித்தன. நவம்பரில் மாத்திரைகளை அரசு கடைகளிலிருந்து திரும்பப் பெற்றது. பெரும்பாலான நோயாளிகள் உண்டது ஷோவா டென்கோ என்ற ஒரே ஜப்பானிய நிறுவனத்தின் சரக்கு என்று தெரிய வந்தது. அந்நிறுவனம் பாக்டீரியா வகையை மாற்றியிருந்தது. வடிகட்டும் கரித்தூளின் அளவையும் குறைத்திருந்தது. சரக்கில் நுண்ணளவில் வேற்றுப் பொருள்கள் இருந்தன. ஒரு நாளும் யாரும் சோற்றிலும் பாலிலும் உள்ள டிரிப்டோபேனால் இந்த நோயைப் பெற்றதில்லை.

விளம்பரங்களைச் சந்தேகக் கண்ணோடு பார்ப்பதில் பினாங்குக்கு ஒரு பெருமை உண்டு. எஸ்.எம். முகமது இத்ரீஸ் தலைமையில் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் பல்லாண்டுகள் உழைத்தது. அவர் 2019-ல் மறைந்தார். உலகப் பயனீட்டாளர் அமைப்பின் ஆசிய வட்டார அலுவலகம் இந்த நகரத்தில் இயங்கியது. அன்வார் பசால் அதை நடத்தினார். மருந்து நிறுவனங்களின் பொய் விளம்பரங்களுக்கு எதிராக உலக நாடுகளை ஒன்று சேர்த்த இயக்கத்தின் ஒரு வேர் பினாங்கில் இருக்கிறது.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. அதைப் பயன்படுத்தத் தெரிய வேண்டும். மருந்து விளம்பரம், விற்பனை பற்றிய 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருபது நோய்களின் பட்டியல் உண்டு. இனிப்பு நீர், இதய நோய், சிறுநீரக நோய், உயர் இரத்த அழுத்தம், புற்றுநோய் ஆகியவை அதில் அடக்கம். இவற்றைக் குணப்படுத்தும் என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வது குற்றம். அதனால்தான் டப்பாவின் மீது அச்சில் அப்படி எதுவும் இராது. அச்சில் போட முடியாததை வாயால் சொல்கிறார்கள். கைப்பேசிக்கு ஒலிப்பதிவாக அனுப்புகிறார்கள். டப்பாவில் எழுதியிருப்பதையும் ஆள் சொல்வதையும் ஒப்பிட்டுப் பார்த்தால் போதும், விஷயம் விளங்கிவிடும்.

மாத்திரையாகவோ கூட்டுக்குளிகையாகவோ வரும் சத்துப் பொருளைச் சுகாதார அமைச்சின் மருந்தியல் ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு செய்திருக்க வேண்டும். எம்.ஏ.எல். என்ற எழுத்துகளோடு தொடங்கி, சத்துப் பொருளானால் 'என்' என்ற எழுத்தில் முடியும் எண் அதில் இருக்கும். மின்னும் ஹோலோகிராம் ஒட்டுத்தாளும் இருக்கும். அந்த எண்ணை அமைப்பின் இணையதளத்தில் போட்டால் பொருளின் பெயர் வர வேண்டும். வேறு பெயர் வந்தால் போலி. உணவுப் பொருளாகக் கருதப்படும் புரதப் பொடிகளுக்கு இந்த எண் இராது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். பதிவு எண் இருப்பதால் ஒரு நோயைக் குணப்படுத்தும் என்று பொருளாகாது. நஞ்சு கலக்கவில்லை, சொன்னது சொன்னபடி உள்ளே இருக்கிறது என்ற அளவுக்கு அது ஓர் உறுதி. மாட்டிறைச்சி உண்ணாதவர்களும் மரக்கறிக்காரர்களும் இன்னொன்றையும் பார்க்கலாம். கூட்டுக்குளிகையின் உறை பெரும்பாலும் ஜெலட்டின். அது எந்த விலங்கிலிருந்து எடுக்கப்பட்டது என்பதைச் சிறிய எழுத்தில் குறிப்பிட்டிருப்பார்கள்.

ஏற்கெனவே ஒரு பொடியை உண்டு வருபவர்கள் அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது டப்பாவையே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். 'ஏதோ சத்து மாவு டாக்டர்' என்று சொன்னால் மருத்துவருக்கு ஒன்றும் புரியாது. லேபிளைப் பார்த்தால்தான் எந்த அமிலம், எத்தனை கிராம் என்று கணக்கிடுவார். மருத்துவர் கோபிப்பாரோ என்று அஞ்சி மறைப்பவர்கள் பலர். மருத்துவரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் மருந்து கொடுக்கும் முகப்பில் உள்ள மருந்தாளரிடம் காட்டலாம். எந்த மருந்தோடு எது மோதும் என்பதை அறிந்தவர் அவர். பொடி உண்ணத் தொடங்கியபின் காரணமில்லாத தசை வலி, தலைசுற்றல், கால் வீக்கம், சிறுநீர் குறைவு போன்றவை கண்டால் பொடியை நிறுத்திவிட்டு அன்றே போக வேண்டும். ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். பக்க விளைவுகளைப் பயனீட்டாளரே நேராக மருந்தியல் ஒழுங்குமுறை அமைப்புக்குத் தெரிவிக்கத் தனிப் படிவம் இருக்கிறது. படிவத்தை நிரப்ப டப்பாவில் உள்ள தயாரிப்புத் தொகுதி எண் தேவைப்படும் என்பதால், காலி டப்பாவை அவசரப்பட்டுக் குப்பையில் எறிந்துவிட வேண்டாம்.